முப்படைகளையும் ஒரே படையாக்கலாமா?

இலங்கையின் இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றையும் கலைத்துவிட்டு ஒரே படையாக அமைத்தால் செலவு குறையாதா, ஒரு படை செய்வது மற்றப் படைக்குத் தெரியாமல் போகும் நிலை நீங்காதா என்பது கேள்வி. ஆட்குறைப்பைப் பற்றி அரசாங்கம் பேசத் தொடங்கியதிலிருந்து இக்கேள்வி திருகோணமலையிலும் பலர் வாயில் அடிபடுகிறது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளையிடும் அதிகாரம் ஒன்றாக வேண்டும். மருத்துவம், களஞ்சியம், சம்பளம், கொள்வனவு, தொடர்பாடல் முதலியவை ஒன்றாகலாம். ஆனால் ஒரு மாலுமியையும் ஒரு விமானியையும் ஒரு காலாட்படையினரையும் உருவாக்குகின்ற பயிற்சி, பதவி உயர்வு, தொழில் மரபு ஆகியவற்றைக் கலந்து ஒன்றாக்கக் கூடாது. இணைப்பை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வாதிடுவதால்தான் விவாதம் எங்கும் போய்ச் சேருவதில்லை.

இதை விளங்கிக்கொள்வதற்கு நமது ஊரான திருகோணமலையை விடப் பொருத்தமான இடம் இந்நாட்டில் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்து, இராணுவ முகாமுக்கு நடுவே செல்லும் பாதையால்தான் மேலே ஏறுகிறார்கள். துறைமுகத்தில் பழைய ஆங்கிலேயர் கால டொக்யார்ட், கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகமாக இருக்கிறது. கடற்படை அதிகாரிகளைப் பயிற்றும் கல்விக்கழகமும் அதற்குள்ளேயே உண்டு. குடாவைச் சுற்றிச் சென்றால் சீனக்குடாவில் விமானப்படையின் தளமும் அதன் கல்விக்கழகமும் உள்ளன. இராணுவத்தின் கல்விக்கழகம் மட்டும் தியத்தலாவை மலையில் இருக்கிறது. ஆக, மூன்று படைகளின் கல்விக்கழகங்களில் இரண்டு ஒரே நீர்ப்பரப்பைப் பார்த்தபடி இருக்கின்றன. இருந்தும் அவை ஒன்றாக இல்லை. அதற்குக் காரணம் வெறும் பிடிவாதம் அல்ல.

கடற்படைப் பயிலுநர் முதலில் கற்பது துப்பாக்கியை அல்ல, தண்ணீரை. நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தால் கூப்பிடுவதற்குத் தீயணைப்புப் பிரிவு கிடையாது; ஆகவே சமையற்கூடத்தில் வேலை செய்பவர் முதல் கப்பலின் கட்டளை அதிகாரி வரை அனைவரும் தீயணைக்கவும், உடைந்த பக்கத்தால் நீர் உட்புகும்போது மரத்தாங்கிகளையும் ஆப்புகளையும் அடித்து அடைக்கவும் பழகியிருக்க வேண்டும். நான்கு மணித்தியாலக் காவல்முறையில் உறங்கி எழுவதும், தான் வாழும் வீடே தன் ஆயுதமாகவும் இருப்பதும் வேறு எந்தப் படைக்கும் இல்லாத நிலை. விமானப்படையில் நிலைமை வேறு. பறப்பவர் ஒருவர் என்றால் அவரைப் பறக்க வைப்பதற்குத் தரையில் பலர் வேண்டும். ஒரு பாகத்தைக் கழற்றிப் பூட்டிய தொழில்நுட்பவியலாளர் பதிவேட்டில் ஒப்பமிடாமல் அந்த விமானம் எழும்பக் கூடாது. 2023 ஆகஸ்டில் சீனக்குடாவில் பயிற்சி விமானமொன்று விழுந்து இருவர் உயிரிழந்தபோது, இத்தொழில் பயிற்சிக் காலத்திலேயே எவ்வளவு விலை கேட்கக்கூடியது என்பதை ஊரே கண்டது. காலாட்படைக்கோ நிலத்தைப் பிடித்து, அதில் நாட்கணக்கில் நின்று, மனிதர்களோடு முகத்துக்கு முகம் பழக வேண்டியிருக்கிறது. இம்மூன்று தொழில்களையும் ஒரே பாடத்திட்டத்துக்குள் அடக்கினால் மூன்றும் அரைகுறையாகவே வரும்.

பயிற்சி வேறு வேறாக இருப்பதில் குறை இல்லை. குறை வேறோரிடத்தில் இருக்கிறது. திருகோணமலையில் நிலைகொண்டுள்ள இராணுவத்தின் 22ஆவது படைப்பிரிவு, வெலிக்கந்தையிலுள்ள கிழக்குப் பாதுகாப்புப் படைத் தலைமையகத்துக்கு உட்பட்டது. டொக்யார்ட்டிலுள்ள கிழக்குக் கடற்படைக் கட்டளை நேரே கொழும்பிலுள்ள கடற்படைத் தலைமையகத்துக்குப் பதில் சொல்கிறது. சீனக்குடாத் தளம் விமானப்படைத் தலைமையகத்துக்குப் பதில் சொல்கிறது. ஒரே குடாவைச் சுற்றியிருக்கும் இம்மூவரும் சட்டப்படி ஒன்றுசேரும் இடம் கொழும்பு. இவ்வூரில் மூவருக்கும் மேலான ஒரு படை அதிகாரி இல்லை. வெருகலிலும் மூதூரிலும் மகாவலி பெருகும்போது கடற்படையின் படகு, விமானப்படையின் ஹெலிகொப்டர், இராணுவத்தின் கனரக வாகனம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் தேவைப்படுகின்றன. அவற்றை ஒரு மேசையில் இணைப்பவர் மாவட்டச் செயலாளர்தான். அனர்த்த வேளையில் குடிசார் அதிகாரி தலைமை தாங்குவது சரியானதே. ஆனால் ஒவ்வொரு படையின் பிரதிநிதியும் தத்தம் மேலிடத்தைக் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றால், மேசை ஒன்றாக இருந்தும் பயன் குறைவு.

முழு இணைப்பை உண்மையாகவே செய்து பார்த்த நாடு கனடா. அந்த அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணைப்பை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் அதையே எடுத்துக்காட்டுகிறார்கள். இரு தரப்பும் அதில் பாதியை மட்டுமே சொல்கின்றன. 1963இல் பாதுகாப்பு அமைச்சரான போல் ஹெல்யர், அடுத்த ஆண்டே ஒரு வெள்ளையறிக்கையை வெளியிட்டார். மூன்று படைகளும் தனித்தனி நிர்வாகங்களை வைத்துக்கொண்டு ஒரே வேலையை மூன்று முறை செய்கின்றன, அதில் வீணாகும் பணத்தை மிச்சப்படுத்திப் புதிய ஆயுதங்கள் வாங்கலாம் என்பது அவரது வாதம். முதற்கட்டமாக 1964இல் மூன்று படைத் தளபதிகளின் பதவிகளும் நீக்கப்பட்டு, அனைத்துக்கும் மேலாக ஒரு பாதுகாப்புப் படைகளின் பிரதானி நியமிக்கப்பட்டார். இதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. இரண்டாங்கட்டம்தான் பிரச்சினையைக் கொண்டுவந்தது. 1968 பெப்ரவரி 1ஆம் திகதி மூன்று படைகளும் சட்டப்படி இல்லாமற்போய், கனேடிய ஆயுதப்படைகள் என்ற ஒரே அமைப்பு உருவானது. எல்லோருக்கும் ஒரே பச்சைச் சீருடை. எல்லோருக்கும் இராணுவத்தின் பதவிப்பெயர்கள். போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்குபவரும் காலாட்படையின் பதவிப்பெயரைச் சுமக்க வேண்டும் என்பதே சட்டத்தின் பொருள்.

கடற்படையினர் இதைப் பொறுக்கவில்லை. ஹலிபக்ஸ் துறைமுகத்திலிருந்து அத்திலாந்திக் கடற்படையைத் தலைமைதாங்கிய றியர் அட்மிரல் லாண்டிமோர் வெளிப்படையாக எதிர்த்ததால் 1966இல் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். வேறு மூத்த அதிகாரிகள் பலரும் முன்கூட்டியே ஓய்வுபெற்றுச் சென்றார்கள். இதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒரு படை தன் மூத்த தலைமுறையை ஒரே நேரத்தில் இழப்பதென்பது, எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதியப்படாத செலவு. கடற்படைப் பதவிப்பெயர்கள் விரைவிலேயே திரும்பின. தனித்தனிச் சீருடைகள் 1980களின் நடுப்பகுதியில் திரும்பின. 2011 ஆகஸ்டில் கனேடிய இராணுவம், றோயல் கனேடியன் நேவி, றோயல் கனேடியன் எயார் ஃபோர்ஸ் என்ற பெயர்களும் அதிகாரபூர்வமாகத் திரும்பின.

இணைப்பை எதிர்ப்போர் கதையை இங்கே முடித்துக்கொள்வார்கள். ஆனால் கனடாவில் திரும்பி வராதவை எவை என்பதையும் பார்க்க வேண்டும். இன்று வரை அங்கு சட்டப்படி இருப்பது ஒரே ஆயுதப்படைதான். அதற்கு ஒரே பிரதானிதான். ஆட்சேர்ப்பும் அடிப்படைப் பயிற்சியும் பொதுவானவை. மருத்துவச் சேவையும் இராணுவச் சட்டமும் பொதுவானவை. அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நின்றவை இவையே. நிலைக்காமற்போனவை, சீருடை, பதவிப்பெயர், படையின் பெயர் என்று மனிதர் தம் தொழிலோடு தம்மை அடையாளப்படுத்திக்கொண்ட விடயங்களில் செய்த இணைப்புகள். ஹெல்யர் முதற்கட்டத்தோடு நின்றிருந்தால் இன்று அவரை எல்லோரும் சீர்திருத்தவாதியாகவே நினைவுகூர்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இன்னோர் இணைப்பின் விளைவு நமது கிழக்குக் கடலின் அடியிலேயே கிடக்கிறது. முதலாம் உலகப்போரின்போது பிரித்தானியாவில் இராணுவத்துக்கு ஒரு விமானப் பிரிவும் கடற்படைக்கு ஒரு விமானப் பிரிவும் இருந்தன. 1918 ஏப்ரல் 1ஆம் திகதி இரண்டையும் இணைத்து றோயல் எயார் ஃபோர்ஸை உருவாக்கினார்கள். வானத்தில் பறப்பவை எல்லாம் ஒரே படைக்கு உரியவை என்ற நியாயம் கேட்பதற்கு அழகாகவே இருந்தது. ஆனால் கப்பலிலிருந்து பறப்பது வேறு தொழில் என்பதை அந்த நியாயம் மறந்தது. அடுத்த 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கடற்படை விமானங்களின் பொறுப்பு இரு படைகளுக்கும் இடையில் இழுபட்டது. புதிய படைக்குத் தொலைதூரக் குண்டுவீச்சில்தான் அக்கறை, கடற்படைக்கோ விமானங்களை அறிந்த மூத்த அதிகாரிகள் இல்லை. 1937இல் எடுக்கப்பட்ட முடிவின்படி 1939 மே மாதத்தில்தான் கப்பல் விமானப் பிரிவு முழுமையாகக் கடற்படையிடம் மீண்டது. இரண்டாம் உலகப்போர் தொடங்க நான்கு மாதங்களே இருந்தன. பிரித்தானியத் திறைசேரியின் கஞ்சத்தனத்துக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஜப்பானியக் கடற்படையோ தன் விமானப் பிரிவைத் தன் கையிலேயே வைத்து வளர்த்தது.

அந்த வேறுபாட்டின் விளைவு 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் தெரிந்தது. அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. தாக்குதல் வரப்போகிறது என்று அறிந்து முந்திய இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், அதன் துணைக்கப்பலான வம்பயரோடு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே பயன்பட வேண்டும் என்று வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட முதற் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் ஸ்வோட்ஃபிஷ் விமானங்கள் தரையில் இருந்தன. அவை இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிரா, ஏனென்றால் அவை இரட்டைச் சிறகுடைய, மெதுவாகச் செல்லும், வான்சண்டைக்கு ஆகாத விமானங்கள். பாதுகாப்புக்காகத் தரையிலிருந்து வரவேண்டிய சண்டை விமானங்கள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஹேர்மிஸோடு முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஆனால் அதே ஆண்டு அதே தீவில், படைகளை இணைக்காமலே கட்டளையை ஒன்றாக்கிய எடுத்துக்காட்டும் உண்டு. சிங்கப்பூர் வீழ்ந்த அடுத்த மாதம், 1942 மார்ச்சில், கடற்படையைச் சேர்ந்த அட்மிரல் சேர் ஜெஃப்ரி லேய்ட்டன் இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டார். கடற்படை, இராணுவம், விமானப்படை ஆகியவற்றோடு குடிசார் நிர்வாகமும் அவருக்குக் கீழ்ப்பட்டது. ஆளுநரே அவர் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது. மலாயாவில் மூன்று படைகளும் ஆளுநரும் நான்கு பக்கம் இழுத்ததன் விளைவை நேரில் கண்டுவிட்டு வந்தவர் அவர். ஏப்ரலில் இழப்புகள் பெரிதாக இருந்தாலும், கொழும்பும் திருகோணமலையும் எச்சரிக்கை பெற்றுக் கப்பல்களைக் கலைத்து வைத்திருந்ததால் ஜப்பானியருக்கு இன்னொரு பேர்ள் துறைமுகம் கிடைக்கவில்லை. யாருடைய சீருடையும் மாறவில்லை. முடிவெடுப்பவர் மட்டும் ஒருவராக இருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1944 ஏப்ரல் 19ஆம் திகதி, திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் விமானங்கள் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. அதில் பிரித்தானியாவின் இலஸ்ட்ரியஸும் அமெரிக்காவின் சரட்டோகாவும் அருகருகே நின்றன. பிரெஞ்சு, ஒல்லாந்து, அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கப்பல்களும் கூட வந்தன. வெவ்வேறு நாட்டுப் படைகளே ஒரே கட்டளையின் கீழ் ஒத்துழைக்க முடியும் என்றால், ஒரே நாட்டின் மூன்று படைகளுக்குக் கலப்பு எதற்கு?

கட்டளை பிளவுபட்டிருந்தால் நேர்வதைக் காட்டும் பிறநாட்டு நிகழ்ச்சிகள் பல. 1980 ஏப்ரலில் ஈரானில் பிடிபட்டிருந்த பணயக்கைதிகளை மீட்க அமெரிக்கா எடுத்த முயற்சியில் கடற்படையின் ஹெலிகொப்டர்களைக் கடற்படைத் தரைப்பிரிவின் (மரைன்) விமானிகள் ஓட்டினார்கள். விமானப்படையின் விமானங்கள் எரிபொருள் கொண்டுசென்றன. மீட்கப் போனவர்கள் இராணுவத்தினர். எட்டு ஹெலிகொப்டர்களில் ஐந்தே இயங்கும் நிலையில் எஞ்சியதால் முயற்சி கைவிடப்பட்டது. திரும்பும் வேளையில் ஒரு ஹெலிகொப்டர் விமானத்தோடு மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். 1982இல் ஃபோக்லண்ட் தீவுகளுக்காகப் போரிட்ட ஆர்ஜென்டீனாவில் மூன்று படைத் தளபதிகளும் சேர்ந்தே நாட்டை ஆண்டார்கள். போர்க்களத்தில் அவர்களது படைகள் தனித்தனியாகவே போரிட்டன. ஒரே ஆட்சிக்குழுவில் அருகருகே அமர்ந்திருப்பது ஒருங்கிணைப்பு ஆகிவிடாது.

இதற்கு அமெரிக்கா கண்ட மருந்து படைகளை இணைப்பது அன்று. 1986ஆம் ஆண்டின் கோல்ட்வோட்டர்–நிக்கல்ஸ் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. போர்க்களக் கட்டளையைப் படைத் தலைமையகங்களிடமிருந்து எடுத்து, பிராந்தியவாரியான கூட்டுத் தளபதிகளிடம் கொடுத்தது. அத்தோடு, வேறு படையினரோடு சேர்ந்த கூட்டுப் பதவி ஒன்றில் கடமையாற்றாத அதிகாரி பொதுவாக ஜெனரல் அல்லது அட்மிரல் தரத்துக்கு உயர முடியாது என்று வைத்தது. இந்த இரண்டாவது விதி எந்த இணைப்புச் சட்டத்தையும் விடக் கூர்மையானது என்று கருதுகிறேன். மற்றப் படையோடு பழகுவது நாட்டுப்பற்றாக இருக்கும்வரை அதைப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவே பதவி உயர்வுக்கான நிபந்தனை ஆகிவிட்டால் நாளைக்கே நடக்கும்.

முழு இணைப்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு, அது இலங்கைக்கு மிகவும் பொருந்துவது. மூன்றை ஒன்றாக்கும்போது மூன்றும் சமமாகக் கலப்பதில்லை. பெரியது மற்ற இரண்டையும் விழுங்கும். சீனாவில் கடற்படையும் விமானப்படையும் பெயரிலேயே மக்கள் விடுதலை இராணுவத்தின் பகுதிகள். 2015ஆம் ஆண்டின் இறுதி வரை அங்கு தரைப்படைக்கென்று தனித் தலைமையகமே இருக்கவில்லை, ஏனென்றால் முழுப் படையின் தலைமையகமும் நடைமுறையில் தரைப்படையின் தலைமையகமாகவே இயங்கியது. அப்போது தொடங்கிய மறுசீரமைப்பில் தரைப்படைக்குத் தனித் தலைமையகம் கொடுத்து அதை மற்றவற்றுக்கு இணையாக நிறுத்தியதே ஒரு சீர்திருத்தமாகக் கருதப்பட்டது. இலங்கையில் இராணுவம் மட்டும் மற்ற இரு படைகளையும் கூட்டினாலும் அவற்றைவிடப் பெரியது. நாட்டின் நிலப்பரப்பு ஏறத்தாழ 65,600 சதுர கிலோமீற்றர். தனிப் பொருளாதார வலயமாக நாம் பொறுப்பேற்றுள்ள கடற்பரப்பு அதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. போர் முடிந்த ஒரு தீவுக்கு எந்தப் படை அதிகம் தேவை என்பதைக் கடலோரத்தில் வாழ்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஒரே படையாகிவிட்டால் அதன் தலைமைப் பதவி, வரவுசெலவு, முன்னுரிமை எல்லாம் தரைப்படையின் கண்ணோட்டத்திலேயே தீர்மானிக்கப்படும். கடற்படைத் தளபதி தன் தேவையை அரசாங்கத்திடம் நேராக முன்வைக்கும் உரிமையை இழப்பார்.

சிறிய நாடுகள் பல ஒரே படையோடு நன்றாகவே இருக்கின்றனவே என்று கேட்கலாம். மாலைதீவில் ஒரே தேசியப் பாதுகாப்புப் படைதான். கரையோரக் காவலும் கடற்படைத் தரைப்பிரிவும் அதன் அங்கங்கள். பெல்ஜியம் 2002இல் தன் படைகளைத் தரை, வான், கடற் கூறுகளாக ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தது. அந்த அளவிலான படைகளுக்கு அது பொருந்தும், ஏனென்றால் ஆட்தொகை குறைந்த படைகளுக்கு மூன்று தலைமையகங்கள் வீண். நமது நிலை அதுவல்ல. ஒரு காலத்தில் நாமும் அந்த நிலையில் இருந்தோம்: 1949 ஒக்டோபரில் இராணுவமும், 1950 டிசம்பரில் கடற்படையும், 1951 மார்ச்சில் விமானப்படையும் தொடங்கியபோது மூன்றும் கைக்கடக்கமானவை. அன்று இணைத்திருந்தால் நடந்திருக்கும்.

அதிகாரக் குவிப்பைப் பற்றிய அச்சத்தையும் ஒதுக்க முடியாது. 1962 ஜனவரியில் இங்கு முறியடிக்கப்பட்ட சதிப்புரட்சி முயற்சியில் இராணுவ அதிகாரிகளும் பொலிஸ் உயர் அதிகாரிகளும், கடற்படையின் முன்னாள் தளபதியும் சம்பந்தப்பட்டிருந்தார்கள். தண்டிக்கப்பட்ட 11 பேரையும் 1965இல், அன்று நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் விடுவித்தது, அது வேறு சட்டப் பிரச்சினை. படைகள் தனித்தனியாக இருந்தால் சதி நடக்காது என்பதை அச்சம்பவம் பொய்யாக்குகிறது. ஆனால் சதிகாரர்கள் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருந்ததும், தட்டிய கதவுகளுள் ஒன்றின் வழியாகவே செய்தி வெளியே போனதும் உண்மை. இந்தியாவில் கார்கில் போருக்குப் பின் 2001இல் அமைச்சர் குழு பரிந்துரைத்த பாதுகாப்புப் படைகளின் தலைவர் பதவி 2020 ஜனவரியில்தான் நிரப்பப்பட்டது. ஒரே சீருடைக்காரரிடம் அத்தனை அதிகாரமும் சேர்வதைப் பற்றிய தயக்கம் அத்தாமதத்தின் காரணங்களுள் ஒன்று. அதே 2001இல், நமக்கு நேர் கிழக்கே வங்கக்கடலின் மறுபக்கத்தில், அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மூன்று படைகளையும் ஒரே தளபதியின் கீழ் வைத்து இந்தியா ஒரு கூட்டுக் கட்டளையை அமைத்தது. நாடு முழுவதும் செய்யத் தயங்கியதை ஒரு தீவுக்கூட்டத்தில் செய்து பார்த்தார்கள்.

செலவுக்கு வருவோம். 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தபடி, இராணுவத்தின் 200,783 என்ற ஆளணி 2024இல் 135,000ஆகவும் 2030இல் 100,000ஆகவும் குறைய வேண்டும். பணம் மிச்சமாகும் இடம் இதுதான். பாதுகாப்புச் செலவில் பெரும்பகுதி சம்பளமும் உணவும் ஓய்வூதியமுமாக இருக்கும்போது, மூன்று பெயர்ப்பலகைகளை இறக்கி ஒன்றை ஏற்றுவதால் மிஞ்சுவது சொற்பம். புதிய சீருடைக்கும் புதிய பெயர்ப்பலகைக்கும் முதலில் செலவாகும். இரட்டிப்பு வேலைகள் இல்லை என்று சொல்லவில்லை. இராணுவத்துக்குக் கொமாண்டோவும் விசேட படையணியும். கடற்படைக்கு விசேட படகு அணியும் 2016இல் தொடங்கிய தரைப்பிரிவும். விமானப்படைக்குத் தன் தரைப் படையணி. தனித்தனி மருத்துவமனைகள், தனித்தனிக் கொள்வனவுப் பிரிவுகள், தனித்தனி உல்லாச விடுதிகள். இங்கேயே சோபர் தீவு கடற்படையின் விடுதி, மாபிள் பீச் விமானப்படையின் விடுதி. ரக்பி அணிகளையும் மூன்றும் தனித்தனியே வைத்திருக்கின்றன. இணைப்புத் திட்டம் ஒன்று வந்தால் முதல் கிளர்ச்சி அங்கிருந்துதான் எழும் என்று நினைக்கிறேன். விடுதி நடத்துவது எந்தப் படையின் வேலையும் அல்ல என்ற வேறு கேள்வியும் இருக்கிறது. அதற்கு இணைப்பு விடையாகாது.

நமக்கு ஏற்கெனவே இருக்கும் சட்டம் என்ன செய்கிறது? 1985இல் போர் தீவிரமானபோது கூட்டு நடவடிக்கைத் தலைமையகம் ஒன்று அமைக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்புப் படைகளின் பிரதானி என்ற பதவிக்குச் சட்ட உருவம் கொடுத்தது. ஆனால் அச்சட்டத்தின்படி அவர் திட்டமிடுவதற்கும் ஒருங்கிணைப்பதற்கும் உதவுபவர். மூன்று தளபதிகளுக்கும் கட்டளையிடுபவர் அல்லர். பதவியில் உயர்ந்தவர், அதிகாரத்தில் ஆலோசகர். இதைத் திருத்துவதே தொடக்கமாக இருக்க வேண்டும். நாடு முழுவதும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. திருகோணமலையில் ஒரு கூட்டுக் கட்டளையை அமைத்து, கிழக்குக் கடலுக்கும் குடாவைச் சுற்றியுள்ள நிலத்துக்கும் சீனக்குடா ஓடுபாதைக்கும் ஒரே தளபதியைப் பொறுப்பாக்கலாம். இங்கு கடலே முதன்மை என்பதால் அவர் கடற்படையிலிருந்து வருவது பொருத்தம். அவருக்கு அடுத்தவர்கள் மற்ற இரு படைகளிலிருந்தும் வரவேண்டும். 2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 270,000 தொன் மசகெண்ணெயோடு தீப்பற்றியபோது கடற்படைக் கப்பல்களும் விமானப்படை ஹெலிகொப்டர்களும் இந்தியக் கரையோரக் காவற்படையும் சேர்ந்தே அணைத்தன. நடந்தது நல்ல ஒத்துழைப்பு. ஆனால் அதை அந்தந்த வேளையின் நல்லெண்ணத்துக்கு விடாமல், ஒத்திகை பார்த்த, எழுதிவைத்த ஒழுங்காக்குவதே கூட்டுக் கட்டளையின் வேலை.

பயிற்சியிலும் இணைக்கக்கூடியவற்றை இணைக்கலாம். இரத்மலானையிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் மூன்று படைகளின் பயிலுநர்களும் ஏற்கெனவே ஒன்றாகப் படிக்கிறார்கள். நடுத்தர அதிகாரிகளுக்கான பதவிநிலைக் கல்லூரியும் மூன்றுக்கும் பொதுவானது. இளமையிலும் நடுவயதிலும் ஒன்றாக இருந்தவர்கள் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருவரையொருவர் காண்பதில்லை. டொக்யார்ட்டிலிருந்து சீனக்குடாவுக்கு ஒரு லெப்டினனை ஆறு மாதம் அனுப்புவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பதவி உயர்வு விதியில் ஒரு வரி போதும்.

இவ்வூர்த் தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் சிங்கள மக்களும் இந்த விவாதத்தில் தமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயம். படைகளின் முகாம்களுக்குள் அகப்பட்ட காணியைப் பற்றி எழுதும் ஒருவர், எந்தப் படையின் எந்தத் தலைமையகத்துக்கு எழுதுவது என்பதிலேயே முதல் ஆண்டைக் கழிக்கிறார். ஒரு படை மற்றப் படையைக் காட்டும், அது அமைச்சைக் காட்டும். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணிகளில் கடற்படை பயன்படுத்திய பகுதி 2016இல்தான் விடுவிக்கப்பட்டது. மூன்றையும் ஒரே படையாக்கினால் காணி தானாகத் திரும்பி வந்துவிடாது. முகாம் முகாமாகவே இருக்கும், பெயர் மட்டும் மாறும். ஆனால் இம்மாவட்டத்தில் முப்படைகளும் வைத்திருக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரே பதிவேடும், அதற்கு மாவட்டச் செயலாளரிடம் எழுத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரே கூட்டுத் தளபதியும் இருந்தால், எது பாதுகாப்புக்குத் தேவை, எது பழக்கத்தால் வைத்திருப்பது என்று மூன்று படைகளையும் ஒரே கூட்டத்தில் கேட்க முடியும். கூட்டுக் கட்டளைக்கான திருத்தச் சட்டம் எப்போதாவது நாடாளுமன்றத்துக்கு வருமானால், அந்தப் பதிவேட்டையும் அதன் பிரிவுகளுள் ஒன்றாகச் சேர்க்கும்படி கேட்க வேண்டியவர்கள் இம்மாவட்டத்தின் பிரதிநிதிகள்.